வேஸ்ட் என்று பெயரிட்ட ஃபோல்டர்

ஆகஸ்ட் 3, சனி

மகள் வினோதினி அனுப்பிய லேப்டாப் இன்று கூரியரில் வந்தது. ஆபீஸில் அவளுக்குப் புதிது கொடுத்துவிட்டார்களாம், தன்னுடையதை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். பின்ரூமில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் வேண்டியதை மட்டும் இதில் ஏற்றிக்கொண்டு, அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடச் சொல்கிறாள். ரூமாவது காலியாகும் என்கிறாள்.

அந்த ரூமை அவள் ரூம் என்கிறாள். எங்களுக்கு அது ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தையையும் கோணிச் சாக்கையும் அடித்து, ஜன்னலைப் பலகை வைத்து மூடி, உள்ளே ஒரு மைக். தங்கம் ஆடியோஸ். கோவில்பட்டியில் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு போகிற விளம்பரம் பாதி இங்கிருந்துதான் போனது. நான் எழுதுவேன். இவர் பேசுவார். காஜா மைதீன் அண்ணன் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, பின்னால் மேளம் சேர்ப்பார். மூன்று பேர் நின்றால் நாலாவது ஆளுக்கு மூச்சு முட்டும்.

இவருக்குச் சித்திரையிலிருந்தே தொண்டைக்கட்டு. மதுரையில் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 14ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரூமை ஒழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. மோட்டார் போடுவது போலச் சத்தம், அப்புறம் அந்த நீலத் திரை. உள்ளே விளம்பரங்கள் ஒன்றுகூட இல்லை. இருப்பது வருஷத்தின் பெயரைப் போட்ட ஃபோல்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பார்ட் ஒன்று, பார்ட் இரண்டு என்று வரிசையாக ஏதோ ஃபைல்கள். தட்டினால் திறக்க மாட்டேன் என்கிறது.

காஜா அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது தூத்துக்குடியில் கேமரா மாட்டுகிற வேலை. அப்போது ஹார்ட் டிஸ்க் ரொம்பச் சின்னது, பேச்சு ஃபைல்கள் பெரியது, அதனால் வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் அமுக்கி, சிடியில் அடங்குகிற அளவுக்குத் துண்டு போட்டு வைத்தாராம். எல்லாத் துண்டும் சேர்ந்து இருந்தால்தான் திறக்கும் என்றார். எந்த சாஃப்ட்வேரில் அமுக்கினார் என்று கேட்டேன். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது, பெயர் மறந்துபோச்சு தங்கச்சி என்றார்.

கடைசியில், "மாப்ள எப்படி இருக்கான்?" என்றார். தொண்டைக்கட்டு என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சுருக்கிய ஃபைலைத் திறக்க ஒரு சாஃப்ட்வேர் தேடினால் உலகத்தில் இத்தனை இருக்கிறது. இந்த லேப்டாப் ஜிப் என்று முடிகிறதை மட்டும் தானாகத் திறக்கிறது. மற்றதற்கெல்லாம் தனியாக ஒன்று வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தங்களுடையதுதான் வேகம், தங்களுடையதுதான் சிறிது என்று எழுதியிருக்கிறார்கள். விளம்பரம் எழுதியே பிழைத்த எனக்கே தலை சுற்றியது.

ஒரு தளத்தில் பெரிய பச்சைப் பட்டன் இருந்தது. அமுக்கினேன். நான் கேட்டது வரவில்லை. ஜோசியமும் சீட்டாட்டமும் திரை முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டன. போனில் சொன்னதும் வினோதினி தன் ஊரிலிருந்தபடியே நெட் வழியாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். பெரிதாக இருக்கிற பட்டனை அமுக்கக் கூடாது, சின்ன எழுத்தில் இருப்பதுதான் நிஜம் என்று பாடம் நடத்தினாள்.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிற?"

ரூமை ஒழிக்கிறேன் என்றேன்.

"எல்லாத்தையும் அழிச்சுரு" என்றார். குரல் பாதியில் காற்றாகப் போய்விட்டது. அதோடு போய்விட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காஜா அண்ணன் வந்தார், மக்ரூன் பொட்டலத்தோடும் ஒரு கேபிளோடும். பழைய பெட்டியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, கேபிள் வழியாக லேப்டாப்பில் மாட்டினார். மேல்மூடியைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை ஓடு கிடந்தது.

செவன் ஜிப் என்று ஒன்றைப் போட்டோம். இலவசம், இடத்தையும் அடைக்கவில்லை, மெனுவைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம். முதல் வருஷ ஃபோல்டரில் முதல் துண்டைக் காட்டினோம். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. ஆடித் தள்ளுபடி, சர்க்கஸ், சைக்கிள் கடைத் திறப்பு விழா என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

ஆடித் தள்ளுபடியைப் போட்டோம்.

என்ன குரல் அது. இனிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரும்பு ஷட்டரை ஒரே இழுப்பில் தூக்கியது போல இருக்கும். "தாய்மார்களே" என்று ஆரம்பித்தால் தாய்மார்கள் மட்டும் இல்லை, தெருநாய்களும் நின்று பார்க்கும். சர்க்கஸ் விளம்பரத்தில் யானையும் இவர்தான், சிங்கமும் இவர்தான், சிரிக்கிற கோமாளியும் இவர்தான். காஜா அண்ணனும் நானும் கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தோம். சிங்கத்துக்காக இவர் தயிர் குடித்துவிட்டு உறுமியதும், மைக் நனைந்துபோனதும், அண்ணன் அதை வெயிலில் காய வைத்ததும் ஞாபகம் வந்தது. அப்போது வினோதினி தொட்டிலில். ரெக்கார்டிங் நேரத்தில் அவள் அழக் கூடாது என்று தொட்டில் கயிற்றை என் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, மடியில் அட்டையை வைத்து அடுத்த விளம்பரத்தை எழுதுவேன்.

சிரித்து முடித்துத் திரும்பினால் இவர் இல்லை. தெருவில் இறங்கிப் போயிருந்தார்.

எல்லா வருஷமும் திறந்தது. 2004 மட்டும் பாதியில் நின்றது. நடுவில் ஒரு துண்டு கெட்டுப்போயிருக்கிறதாம். அது மாமனார் இறந்த வருஷம்.

ஆகஸ்ட் 14, புதன்

மதுரை.

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். முழுவதும். அதற்குப் பின் மூச்சு மூக்கு வழியாக வராது, கழுத்தில் ஒரு துளை இருக்கும். துளைக்குள் ஒரு சின்ன வால்வு வைப்பார்கள். விரலால் துளையை மூடிக்கொண்டு பேசப் பழகலாம். பழைய குரலாக இருக்காது, ஆனால் ஆள் இருப்பார் என்றார். 26ஆம் தேதி.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், பெயர் ரெஜினா, எங்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள். சில பேர் ஆபரேஷனுக்கு முன்னால் தங்கள் குரலில் வீட்டுப் பேச்சுகளைப் பதிந்து வைத்துக்கொள்வார்களாம். சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்து, பிள்ளை பெயர், இப்படி. அப்புறம் போனில் பட்டனை அமுக்கினால் அந்தக் குரலே பேசும். இவர் தலையை ஆட்டினார். அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். அது வேண்டாம் என்கிற ஆட்டம் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தெரு முக்கில் கொடி ஏற்றினார்கள். மைக்கில் வேறு யாரோ. 2004 இன்னும் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இந்த நாலு நாளில் சுருக்குகிற சாஃப்ட்வேர்களைப் பற்றி நான் படித்ததை ஒரு ஆள் பரீட்சைக்குப் படித்திருந்தால் பாஸாகியிருப்பான். கெட்டுப்போன துண்டைச் சரிசெய்ய எதில் வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டியது. வேகம் எனக்கு எதற்கு.

கடைசியில் கொஞ்ச நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம் என்கிற ஒன்றில், உடைந்த ஃபைலையும் விடாமல் வெளியே எடு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டேன். நடுவில் சில விளம்பரங்கள் அறுந்துதான் வந்தன. கறிக்கடை விளம்பரத்தில் ஆடு பாதியில் நிற்கிறது. ஆனால் அப்பா என்று பெயர் வைத்த ஃபைல் முழுசாக வந்துவிட்டது. அதை ஒட்டி வேஸ்ட் என்று ஒரு ஃபோல்டரும் இருந்தது.

மாமனார் இறந்தது விடிகாலை. ஊருக்குச் சொல்ல ஆட்டோ போக வேண்டும். வேறு யாரையாவது பேச வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊரில் எந்தச் சாவுக்கும் நான்தானே பேசுகிறேன், அப்பாவுக்கு மட்டும் வேறு ஆளா என்று இவர் கேட்டாராம். நான் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் ஆட்டோ கிளம்பியது. குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. ஒரே டேக்கில் பேசிவிட்டான், கல் நெஞ்சுக்காரன் என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொஞ்ச நாள் அதற்காக இவர்மேல் வருத்தமாகக்கூட இருந்தது.

வேஸ்ட் ஃபோல்டரில் இருந்தது அன்றைக்குக் கெட்டுப்போன டேக்குகள். காஜா அண்ணன் எதையும் அழிக்க மாட்டார்.

"எட்டயபுரம் ரோடு, முன்னாள் மில் தொழிலாளி, எனது தந்தையார்" என்று இவர் ஆரம்பிக்கிறார். எனது தந்தையார் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. மறுபடி எட்டயபுரம் ரோடு. மறுபடி அதே இடம். ஒன்றில் சிரிப்பது போல ஒரு சத்தம், கேட்கக் கேட்கத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. போதும் மாப்ள, நான் வேற ஆளைக் கூட்டிட்டு வாரேன் என்கிறார் காஜா அண்ணன்.

ஃபேன் சத்தத்துக்கு நடுவில் இவர் என் பெயரைச் சொல்கிறார்.

"ஜெயக்கொடியக் கூப்பிடு மச்சான்."

நாற்காலி நகர்கிறது. கதவு.

"வேண்டாம், கூப்பிடாத. அவ வந்து நின்னா நான் உடஞ்சு போயிருவேன். நான் எப்பவும் அவ மொகத்தப் பாக்காமத்தான படிக்கிறேன்."

ரெக்கார்டிங்கில் இவர் எப்போதும் சுவரைப் பார்த்து நிற்பார். எழுதியவள் பக்கத்திலேயே நிற்கிறேன், ஒரு தடவை திரும்பி நன்றாக இருக்கிறதா என்று கேட்டதில்லை. கவனம் சிதறக் கூடாது என்று நினைக்கிறார் என்று நானாக வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ரசம் மட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சாப்பிட்டு முடித்ததும் இவரிடம் சொன்னேன். நாளைக்கு நான் கழுகுமலைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம்தான் வருவேன், காஜா அண்ணனை வரச் சொல்கிறேன், வேண்டுமானால் அந்தப் பொண்ணு சொன்னபடி ஏதாவது பேசி வையுங்கள், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

என்னையே பார்த்தார். வேஸ்ட் ஃபோல்டரை நான் கேட்டுவிட்டேன் என்று இவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"யாருக்குப் பேசணும்?"

வினோதினிக்கு என்றேன்.

"அவளுக்கு நான் திட்டுனதே ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பட்டன அமுக்குனா நான் பேசணுமா ஜெயக்கொடி? நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதேவா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கழுகுமலைக்குப் போகப்போவதில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

எடுத்தது எல்லாவற்றையும் மறுபடி சுருக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் லேப்டாப் பாதி நிரம்பிவிடும். எதில் சுருக்குவது என்று இன்று முழுக்க யோசனை. செவன் ஜிப்பின் சொந்த முறையில் வைத்தால் ஃபைல் இன்னும் சின்னதாகிறது. ஆனால் திறக்கிறவர்களிடமும் அதற்கான சாஃப்ட்வேர் இருக்க வேண்டும். ஜிப்பாக வைத்தால் கொஞ்சம் பெரிது, ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தட்டினால் திறக்கும். காஜா அண்ணனிடம் கேட்டேன். பேச்சு எதில் போட்டாலும் ரொம்பச் சுருங்காது தங்கச்சி, பேசாம இருக்கிற இடம்தான் நல்லாச் சுருங்கும் என்றார்.

ஜிப்பிலேயே வைத்தேன். இன்னும் இருபது வருஷம் கழித்து யாராவது திறந்தால் என்னைப் போலத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம்.

வேஸ்ட் ஃபோல்டரைச் சுருக்கவில்லை. சின்னதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். அட்மிட் ஆகிவிட்டோம். நாளைக் காலையில் முதல் ஆபரேஷன் இவருக்குத்தான்.

கார் வைக்கலாம் என்று வினோதினி சொன்னாள். இவர் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றுவிட்டார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். சாத்தூர் வரை பேசவில்லை. சாத்தூர் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வரும்போது ஒரு டயர் கடை போர்டைப் படித்தார். சும்மா படிக்கவில்லை. "அனைத்து வாகனங்களுக்கும் புதிய டயர்கள், பழைய டயர்களை மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு" என்று முழு இழுவையோடு, விளம்பரமாக. குரல் கிழிந்த பேப்பர் மாதிரி இருந்தது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் அப்படியே இருந்தன. அடுத்து ஒரு ஹோட்டல். அடுத்து ஒரு கல்யாண மண்டபம். ஆட்டோவுக்கு சீட் தைக்கிற கடை, பல் ஆஸ்பத்திரி, உரக்கடை. முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். இவர் நிறுத்தவில்லை. விருதுநகருக்குள் வரும்போது கண்டக்டரே, அண்ணாச்சி, அந்தப் பரோட்டாக் கடையை விட்டுட்டீங்க என்று கையைக் காட்டினார். அதையும் படித்தார். போர்டில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டார்: "பசியோடு வாருங்கள், பகையோடு வந்தாலும் பரவாயில்லை." அது நான் எழுதியது. வேறு ஏதோ கடைக்கு, எந்த வருஷமோ.

திருமங்கலம் தாண்டி இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். அப்புறம் வெளியே பார்க்கவில்லை. முழுக்க என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நல்லாருந்துச்சா?" என்றார்.

நல்லா இருந்துச்சு என்றேன்.

மதுரை வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். போன் என் கையில்தான் இருந்தது, வழி முழுக்க. பதிகிற பட்டனை அமுக்கவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் வெளியே வந்தார். நன்றாக முடிந்தது என்றார்கள்.

செப்டம்பர் 16, திங்கள்

எழுதி அழிக்கிற பலகை ஒன்று வினோதினி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் இவர் எழுதி நான் பார்த்ததே இல்லை, எழுதுவது என் வேலை. இன்றைக்கு "குலம்பு வேண்டாம்" என்று எழுதிக் காட்டினார். மாவட்டத்திலேயே ழகரத்தை இவரைப் போலச் சொல்ல ஆள் கிடையாது. நான் திருத்திக் கொடுத்தேன். முறைத்தார். அதற்குக் கீழேயே "சோரும் வேண்டாம்" என்று எழுதினார். அது வேண்டுமென்றே எழுதியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவருக்கும்தான். சத்தம் மட்டும் வரவில்லை, தோள் குலுங்கியது.

அக்டோபர் 20, ஞாயிறு

கழுத்துக்குக் கரண்டு வைத்தியம், ரேடியேஷன், நடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மதுரை. ரெஜினா வால்வில் பேசப் பழக்குகிறாள். கட்டைவிரலால் துளையை மூடு, மூச்சை மெதுவாக வெளியே விடு, ஆ சொல்லு. வருவது காற்று மட்டும். பத்து நாள் முயன்றார். அப்புறம் அவள் சொன்னால் செய்கிறார், வீட்டில் செய்வதில்லை. வேண்டியதைக் கை தட்டிக் கூப்பிடுகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுகிறேன். கறிகாய்க்காரரிடம் பேசுவது போல எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்கிறேன்.

இவர் வீட்டில் இருக்கும்போது லேப்டாப்பைத் திறப்பதில்லை.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு வினோதினி வந்தாள். எல்லாவற்றையும் பென் டிரைவில் கேட்டாள், ஜிப் ஃபைல்களைக் கொடுத்தேன். ரூமுக்குள் போய், காதில் மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள். சர்க்கஸ் சிங்கத்துக்கு அவள் சிரித்தது வெளியே கேட்டது. வெளியே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேஸ்ட் ஃபோல்டரை அவளிடம் கொடுக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

இவர் முடி வெட்டப் போயிருந்தார். போனால் கடைக்காரர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகத்தான் வருவார். எனக்கு அரிசி புடைக்கிற வேலை இருந்தது. லேப்டாப்பை ஹாலில் வைத்து ஆடித் தள்ளுபடியைப் போட்டுவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்தேன். முறத்தின் சத்தத்தில் கேட்கவில்லை என்று எழுந்து போய் இன்னும் கூட்டினேன். வினோதினி வாங்கித் தந்த ஸ்பீக்கர், வீடு அதிர்ந்தது. தாய்மார்களே என்றார். சுங்குடிச் சேலை என்றார். கண்டாங்கி என்றார். நான் புடைத்துக்கொண்டே கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன், எழுதியது நான்தானே, மறக்குமா.

கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை.

"சத்தத்தைக் கொற."

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. ஆற்று மணலில் எதையோ இழுத்தது போன்ற சத்தம். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து நின்றது. ஆனால் அந்த றகரத்தை அப்படி அழுத்துவதற்கு ஊரில் வேறு ஆள் இல்லை.

திரும்பினேன். வாசற்படியில் நிற்கிறார், கழுத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு. சட்டையெல்லாம் வெட்டிய முடி. முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் குறைத்தேன். அவசரத்தில் முதலில் இன்னும் கூடிவிட்டது. அப்புறம்தான் குறைந்தது.

விரலை எடுத்து மூச்சு வாங்கினார். மறுபடி வைத்தார். சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஆடித் தள்ளுபடின்னு," என்றார். விரலை எடுத்தார். மூச்சு. விரலை வைத்தார். "எவனாவது வந்துரப் போறான்."

லேப்டாப்பை மூடிவிட்டேன். இவர் சட்டையைக் கழற்றி உதறினார். குளிக்கத் தண்ணீர் வைக்க வேண்டும், அரிசி முற்றமெல்லாம் கொட்டிக் கிடந்தது. நான் போகவில்லை. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.